ஆய்வுக் கட்டுரை மாணவருடையதாகவே இருக்கட்டும்

ஆண்டுதோறும் நம் மேசைக்கு வரும் செயல்திட்டக் கோப்புகள் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அட்டையில் பளபளப்புத் தாள், முதல் பக்கத்தில் நன்றியுரை, உள்ளே இணையத்திலிருந்து அச்செடுத்த நான்கு பக்கங்கள், கடைசியில் கடையில் வாங்கி ஒட்டிய படங்கள். தலைப்பைச் சொன்னால் போதும், பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலேயே முழுக் கோப்பும் கிடைத்துவிடுகிறது. இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘நீர் மாசுபாடு’, ‘மூலிகைகளின் பயன்கள்’ என்று நாம் கொடுக்கும் தலைப்புகளுக்கு விடை ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. இருப்பதை எடுத்து எழுதுவதுதான் வேலை என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடி மாணவர்களும் இருக்கிறார்கள். பலருக்கும் அவர்கள் குடும்பத்தில் அவர்களே முதல் படிப்பாளி. சாமை எந்த மாதம் விதைப்பது, எந்த ஓடை எப்போது வற்றும், கடுக்காய் எப்போது பொறுக்கக் கிடைக்கும் என்பதெல்லாம் வீட்டில் தெரிந்த செய்திகள். ஆனால், பாடநூலில் இல்லாததால் அதை அறிவு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. சில ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து தாங்களே ஒரு கேள்வியைத் தேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதச் செய்துவருகிறேன். அந்த வேலையில் வழிகாட்டி ஆசிரியர் எங்கே துணை நிற்க வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்மாதிரிகள்

இது புதிய முயற்சி அன்று. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயதுள்ள மாணவர்கள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, களத்துக்குச் சென்று தரவு திரட்டி, ஆய்வறிக்கை எழுதி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக முன்வைக்கிறார்கள். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. நம்மில் பலர் அதில் வழிகாட்டி ஆசிரியராக இருந்திருப்போம். அறிக்கையோடு மாணவர் கையால் எழுதிய ஆய்வு நாட்குறிப்பும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நல்ல வழக்கம்.

இன்னொரு முன்மாதிரி வெளியுலகிலிருந்து. ஐ.பி. எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் மேல்நிலை மாணவர் ஒவ்வொருவரும் 4000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுத வேண்டும். கட்டணம் அதிகமுள்ள பள்ளிகளின் பாடத்திட்டம் அது. ஆனாலும் அதன் இரண்டு விதிகளை நாம் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மாணவரும் வழிகாட்டியும் குறைந்தது மூன்று முறை உட்கார்ந்து பேச வேண்டும். கடைசிச் சந்திப்பு, கட்டுரை முடிந்தபின் நடக்கும் நேர்காணல். மற்றொன்று, வழிகாட்டி ஒரே ஒரு முழு வரைவை மட்டும் படித்துக் கருத்துச் சொல்லலாம். திருத்தி எழுதித் தரக் கூடாது.

நம் ஒன்பதாம் வகுப்புக்கு 4000 சொற்கள் தேவையில்லை. நான் 1200 முதல் 1500 சொற்கள் என்று வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்துவிடுவதால் ஒன்பதே ஏற்ற வகுப்பு.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

முதல் சந்திப்பில் மாணவர் கொண்டுவருவது பெரும்பாலும் தலைப்புதான், கேள்வி அன்று. தலைப்பைக் கேள்வியாக்குவதே வழிகாட்டியின் முதல் பணி. ஒரு சந்திப்பு இப்படிப் போயிற்று:

“டீச்சர், நாங்க சாமை பத்தி எழுதலாம்னு இருக்கோம்.”

“சாமையில உங்களுக்கு என்ன தெரியணும்?”

“முன்ன எங்க தாத்தா நெறைய போடுவாராம். இப்ப எங்க பக்கம் மரவள்ளிதான்.”

“எப்ப மாறிச்சு?”

“தெரியல, டீச்சர்.”

“யாரக் கேட்டா தெரியும்?”

சிறிது நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பதில் வந்தது: “எங்க பாட்டிக்குத் தெரியும். அப்புறம் மரவள்ளி லோடு ஏத்தற அண்ணனுக்கு.”

அந்தப் பதில் வந்ததும் ஆய்வு தொடங்கிவிட்டது. ‘சாமையின் சிறப்புகள்’ என்று இருந்தது, ‘எங்கள் ஊரில் சாமை விதைத்த நிலங்கள் எப்போது, ஏன் மரவள்ளிக்கு மாறின?’ என்ற கேள்வியாயிற்று. நான் சொன்னது எதுவும் இல்லை, கேட்டது மட்டும்தான்.

கேள்வி சரியா என்று பார்க்க மாணவர்களுக்கு மூன்று சோதனைகளைக் கொடுத்திருக்கிறேன்.

1. விடை இணையத்தில் அப்படியே கிடைக்கக் கூடாது. ‘கடுக்காயின் மருத்துவப் பயன்கள்’ கிடைக்கும். ‘எங்கள் ஊரில் பொறுக்கும் கடுக்காய் யார் யார் கை மாறிச் சந்தைக்குப் போகிறது?’ கிடைக்காது.

2. சான்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடந்தோ ஒரே பேருந்தில் ஏறியோ போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்கட்டும். கோமுகி அணைப் பாசனம் முழுவதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஆராய முடியாது. தம் ஊருக்கு வரும் ஒரு வாய்க்காலை ஆராயலாம்.

3. எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் கட்டுரை நிற்க வேண்டும். ‘மரச்சிற்பத் தொழில் அழிந்துவருகிறது என்பதை நிறுவுதல்’ என்று தொடங்கினால், பட்டறையில் இளைஞர்கள் வேலை பழகுவதைக் கண்டதும் மாணவர் திகைத்துவிடுவார். ‘எங்கள் பகுதிப் பட்டறைகளில் புதிதாக வேலை பழகுபவர்கள் யார்?’ என்று தொடங்கினால் எந்த விடையும் நல்ல விடைதான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் இது நம் மாவட்டத்து மாணவர்கள் விரும்பி எடுக்கும் பொருள்.

மூன்று சோதனைகளிலும் தேறும்வரை கேள்வியை மாற்றி எழுதச் சொல்கிறேன். இதற்கே இரண்டு வாரங்கள் போகும். போகட்டும். கேள்வி சரியாக அமைந்தால் பின்னால் வேலை பாதியாகக் குறைகிறது.

சான்று தேடும் இடங்கள்

நம் பகுதியை ஆராயும் மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஊரின் பழைய முகவரிகள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டம். எனவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் ஊரைத் தேடுபவர் விழுப்புரம் மாவட்டக் கையேட்டைத்தான் திறக்க வேண்டும். ஆங்கிலேயர் காலச் செய்தி வேண்டுமானால் 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியைப் பார்க்க வேண்டும். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருப்பதால் 1918இல் வெளியான சேலம் விவரச்சுவடியும் பயன்படும். ஆங்கிலப் பதிவுகளில் ‘கல்ராயன்’ என்ற வடிவமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வகுப்பில் ஒட்டிவைத்திருக்கிறேன். இது விடையைச் சொல்லிக் கொடுப்பது ஆகாது. பூட்டுக்கு ஏற்ற சாவி எங்கே இருக்கிறது என்று காட்டுவது.

பயிர் பற்றி ஆராய்பவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் நல்ல சான்று. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது அதில் இருக்கும். ஆண்டு பசலியில் குறிக்கப்பட்டிருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1433ஆம் பசலி 2023 ஜூலையில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. அலுவலரைப் பார்க்கச் செல்லும் முன் தலைமையாசிரியரின் கடிதத்தை மாணவர் கையில் கொடுத்தனுப்பினால், அவர்களை உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடும் ஓர் ஆவணமே. பெண் குழந்தைகள் எந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து சேர்ந்தார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்பதை அதிலிருந்து எண்ணிவிடலாம். தலைமையாசிரியர் முன்னிலையில், பெயர், சாதி எதையும் குறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் எடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

இணையத் தேடலைத் தடுக்கத் தேவையில்லை. அதைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். நம் மலையிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. கல்வராயன் மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. அந்தச் சொல்லைத் தேடுபொறியில் இட்டால் வருவதெல்லாம் கேரள மக்களைப் பற்றிய பக்கங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வெறுமனே கேட்டாலும் இந்தக் குழப்பம் நேரலாம். தேடி எடுத்ததை மாணவர்கள் வகுப்பில் உரக்கப் படிக்கும்போது, மலையிலிருந்து வந்த பிள்ளைகளே சிரித்துவிடுகிறார்கள். ‘திரையில் வந்ததால் உண்மை ஆகிவிடாது, யாரைப் பற்றியது, யார் எழுதியது என்று பார்’ என்ற பாடத்தை அதற்குப் பிறகு நான் தனியாக நடத்தவேண்டியிருப்பதில்லை. செயலியைப் பயன்படுத்தினால் எந்த நாளில் என்ன கேட்டோம், என்ன வந்தது, அதை எப்படிச் சரிபார்த்தோம் என்று நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி.

பெரியவர்களிடம் கேட்டல்

மலையைப் பற்றிய ஆய்வில் பல செய்திகளுக்கு எழுத்துச் சான்று குறைவு. 1976 வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அந்த ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அந்த நாட்களில் கூலியில்லாமல் வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஜாகிர் காலத்தில் எங்கள் ஊரில் வேலையும் வரியும் எப்படி இருந்தன?’ என்ற கேள்வியை இப்போது ஆராயாவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் ஆராயவே முடியாமல் போகும்.

வாய்மொழிச் செய்தியைத் திரட்ட மாணவர்களுக்குச் சில நுட்பங்களைச் சொல்லித் தருகிறேன்.

*ஆண்டைக் கேட்காதே, அடையாளத்தைக் கேள்.* ‘எந்த வருஷம் தாத்தா?’ என்றால் பதில் வராது. ‘காமராஜர் இறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?’ ‘எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனப்பவா?’ என்றால் வரும். காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர். எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977 ஜூன். இவ்விரண்டுக்கும் நடுவில் என்றால் 1976ஐ நெருங்கிவிட்டோம். இப்படி ஊரறிந்த பத்து நிகழ்வுகளுக்கு ஆண்டுகளை எழுதிய ஒரு பட்டியலை மாணவர்கள் களத்துக்குப் போகும் முன் தாங்களே தயாரிக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதே ஒரு வரலாற்றுப் பாடம்.

*அளவைக் கேட்டால் அளவின் அளவையும் கேள்.* விளைச்சலை மூட்டையிலும் வள்ளத்திலும் சொல்வார்கள். அந்த ஊரில் ஒரு வள்ளத்துக்கு எத்தனை படி என்று உடனே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

*ஒருவர் சொன்னதை ஒருவர் சொன்னதாகவே எழுது.* மூவராவது தனித்தனியே சொன்ன பிறகு ‘ஊரில் பலரும் நினைவுகூர்கிறார்கள்’ என்று எழுதலாம். மாறுபட்டுச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும்.

*பேச்சை அவர்கள் சொல்லிலேயே குறி.* மலைவழக்கைப் பாடநூல் தமிழாக மாற்றிவிடக் கூடாது. பெரியவர் சொன்னது மேற்கோள் குறிக்குள் அவர் பேச்சாகவே இருக்கட்டும். மாணவரின் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். தன் வீட்டுச் சொல் பள்ளிக் கட்டுரையில் இடம்பெறுவதைக் காணும் மாணவரின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நூலும் பாட்டியும் ஒரே செய்தியைச் சொல்லும் இடங்களும் உண்டு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்தார்கள் என்பது மலையாளி மக்களிடம் வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இந்த மரபுக்கதை பதிவாகியுள்ளது. ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்ட கதைக்கும் அந்த நூலில் உள்ளதற்கும் சில வேறுபாடுகளைக் கண்டாள். ‘டீச்சர், புத்தகத்துல இருக்கறதுதான் சரியா?’ என்று கேட்டாள். அந்த நூலுக்குச் செய்தி எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். மறுவாரம் அவள் எழுதிவந்த பத்தியில், அச்சிலுள்ள கதையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தாத்தாவோ பாட்டியோ வாய்விட்டுச் சொன்னதுதான் என்றும், ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை என்றும் இருந்தது. அதோடு, இது மரபாக வழங்கும் கதை, நடந்தது என்று நிறுவ வேறு சான்று வேண்டும் என்றும் சேர்த்திருந்தாள். சான்று ஆய்வு என்பதை இதைவிடத் தெளிவாக நான் கற்பித்திருக்க முடியாது.

காக்க வேண்டிய எல்லைகள்

கேள்வி மாணவருடையது என்பதால் எல்லாக் கேள்வியையும் அனுமதித்துவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்துக்குப் பிறகு, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று மாணவர்கள் முன்வந்தார்கள். அந்த ஆர்வத்தை மதித்தேன். அவர்கள் தெருவில் நடந்தது அது. ஆனால் இறந்தவர் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்பதோ, சாராயம் எங்கே காய்ச்சப்படுகிறது என்று விசாரிப்பதோ பதினான்கு வயதுப் பிள்ளைகள் செய்யும் வேலையன்று. முதலாவது, துக்கத்தில் இருப்பவர்களைப் புண்படுத்தும். இரண்டாவது, பிள்ளைகளுக்கே ஆபத்து. ‘இந்த நிகழ்வை இரண்டு நாளிதழ்கள் முதல் ஒரு வாரத்தில் எப்படிச் செய்தியாக்கின? இறந்தவர்களின் குடும்பங்களைப் பற்றி என்ன எழுதின, எதை எழுதவில்லை?’ என்று கேள்வியைத் திருப்பினோம். நூலகத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய, கண்ணியமான ஆய்வாக அது அமைந்தது.

களப்பணிக்கு முன் எல்லா மாணவரும் கைப்பட எழுதிக் கையொப்பமிடும் விதிகள் இவை:

• ஆய்வு எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே பேச வேண்டும். ‘உங்க பேரை எழுதலாமா?’ என்று தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ‘70 வயதுப் பாட்டி’ என்று எழுதினால் போதும்.

• ஒலிப்பதிவு, புகைப்படம் எதுவும் அனுமதியின்றிக் கூடாது.

• காட்டுக்குள் ஆய்வுக்காகத் தனியே போகக் கூடாது. அருவி, அணை, ஓடைப் பக்கம் பெரியவர் துணை கட்டாயம்.

• கடன், வழக்கு, குடும்பச் சண்டை, நோய் பற்றி அவர்களாகச் சொன்னாலும் கட்டுரையில் வராது.

• கட்டுரை முடிந்ததும் செய்தி தந்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

கடைசி விதி வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. படித்துக் காட்டும்போதுதான் ‘நான் அப்படிச் சொல்லல கண்ணு, இப்படித்தான் சொன்னேன்’ என்று திருத்தங்கள் வருகின்றன. அதைவிட நல்ல சரிபார்ப்பு வேறில்லை.

பன்னிரண்டு வாரக் கால அட்டவணை

விடுதி மாணவர்கள் விடுமுறையில்தான் ஊருக்குப் போகிறார்கள். எனவே களப்பணியைக் காலாண்டு விடுமுறையில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் மற்ற வேலைகளைப் பகுத்திருக்கிறேன்.

வாரம் 1, 2: கேள்வி தேர்தல். முதல் சந்திப்பு.
வாரம் 3: ஏற்கெனவே என்ன எழுதப்பட்டுள்ளது என்று நூலகத்திலும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலும் தேடல்.
வாரம் 4: வினாப்பட்டியல் தயாரித்துத் தம் விடுதித் தோழர்களிடம் ஒத்திகை பார்த்தல்.
வாரம் 5, 6: விடுமுறையில் களப்பணி.
வாரம் 7: குறிப்புகளை வகைப்படுத்தல், எண்ணுதல், அட்டவணையிடல். இரண்டாம் சந்திப்பு.
வாரம் 8, 9: முதல் வரைவு.
வாரம் 10: வரைவைப் படித்தல். மூன்றாம் சந்திப்பு.
வாரம் 11: திருத்திய வடிவம். ஊரில் படித்துக் காட்டல்.
வாரம் 12: வகுப்பில் முன்வைத்தல், நேர்காணல்.

ஒவ்வொரு சந்திப்பும் ஓர் இணைக்குப் பதினைந்து நிமிடம். வகுப்பில் நாற்பது பேர் என்றால் இருபது இணைகள். மொத்தம் ஐந்து மணி நேரம் ஒரு சுற்றுக்கு. மதிய இடைவேளையிலும் நூலகப் பாடவேளையிலும் பிரித்துக்கொள்கிறேன். முதல் ஆண்டிலேயே முழு வகுப்பையும் எடுக்க வேண்டியதில்லை. ஐந்து இணைகள் போதும். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஆளுக்குச் சில இணைகளை ஏற்றால் வேலை இலகுவாகும்.

ஆய்வு நாட்குறிப்பு முழுக்க மாணவரிடம் இருக்கும். தேதி, போன இடம், பேசியவர், கிடைத்த செய்தி, மனத்தில் எழுந்த புதிய கேள்வி என ஐந்து பத்திகள். கையெழுத்து அழகாக இருக்கத் தேவையில்லை. மழையில் நனைந்த நாட்குறிப்பு வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். நகலெடுத்த கோப்பு மழையில் நனைவதில்லை.

வரைவைப் படிக்கும் முறை

நம் கையில் சிவப்புப் பேனா இருந்தால் வாக்கியத்தைத் திருத்தத்தான் தோன்றும். போட்டிக்குப் போகும் கட்டுரையென்றால் நாமே எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றும். அப்படி எழுதித் தந்த கட்டுரை பரிசு வாங்கலாம். ஆனால் அந்த மாணவர் ‘என்னால் எழுத முடியாது, டீச்சர் எழுதினால்தான் நன்றாக வரும்’ என்பதைக் கற்றுக்கொண்டு வெளியே போகிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

எனவே வரைவில் நான் வாக்கியங்களைத் தொடுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். ஓர் எடுத்துக்காட்டு:

மாணவர் எழுதியது: ‘எங்கள் ஊரில் எல்லோரும் சாமையை விட்டுவிட்டார்கள். ஏனென்றால் மரவள்ளியில் லாபம் அதிகம்.’

ஓரத்தில் நான் எழுதியவை: ‘எல்லோரும் என்றால் எத்தனை வீடு? இன்னும் விதைப்பவர் ஒருவர்கூட இல்லையா? லாபம் என்று யார் சொன்னார்? வேறு காரணம் யாராவது சொன்னார்களா?’

திருத்திய வரைவு ‘நாங்கள் பேசிய இருபது வீடுகளில்’ என்று தொடங்கியது. சாமையை இடித்துப் புடைக்கும் உழைப்பும் மரவள்ளியை மொத்தமாக லாரியில் ஏற்றிவிடும் வசதியும் காரணங்களாகச் சேர்ந்திருந்தன. அடுத்து, ‘லாரி எங்கே போகிறது?’ என்று கேட்டேன். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு என்று தெரிந்துவந்தார்கள். அந்த ஆலைகளுக்காகச் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது என்பதையும் கண்டுபிடித்து, பாட்டி சொன்ன காலத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒரு மலையூரின் புன்செய் வெளிச் சந்தையோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்பது பொருளாதாரப் பாடத்தில் நான் பலமுறை சொன்னதுதான். இம்முறை அவர்களே சொன்னார்கள்.

எழுத்துப்பிழைகளை என்ன செய்வது என்று தமிழாசிரியர்கள் கேட்கிறார்கள். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். எந்தச் சொல் என்று கண்டுபிடிப்பது மாணவரின் வேலை. இணையர் மாற்றிப் படித்தால் பெரும்பாலான பிழைகள் அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடுகின்றன.

மதிப்பிடுதல்

இருபது மதிப்பெண்ணை இப்படிப் பகிர்கிறேன்: கேள்வியின் தெளிவு 4, சான்றுகளும் அவற்றைச் சரிபார்த்த முறையும் 5, நாட்குறிப்பு 4, சான்றிலிருந்து முடிவுக்கு வந்த விதம் 4, மொழியும் அமைப்பும் 3. அட்டைக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் செலவும் மிச்சம்.

நேர்காணலில் மூன்றே கேள்விகள்தான். ‘இந்த ஆய்வில் உன்னை ஆச்சரியப்படுத்தியது எது? எந்த இடத்தில் உனக்கு உறுதியில்லை? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?’ கட்டுரையை வேறொருவர் எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். சொந்தமாக எழுதியவர் அந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பேசுகிறார். எழுதத் தடுமாறும் மாணவர் சிலர் இங்கே சிறப்பாகப் பேசுவதால், நேர்காணலைக் கேட்ட பிறகே மதிப்பெண்ணை இறுதி செய்கிறேன்.

முடிந்த கட்டுரைகளை ஒன்றாகத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வரிசை எண்ணிட்டு வைக்கிறோம். ஒரு படி ஊருக்குப் போகிறது. அடுத்த ஆண்டு மாணவர் அதே ஊரை ஆராய்ந்தால் முந்தைய ஆண்டுக் கட்டுரையைப் படித்து, அதை மேற்கோள் காட்ட வேண்டும். தன் அக்கா எழுதியதைச் சான்றாகக் காட்டித் தம்பி எழுதும்போது, அறிவு என்பது வெளியூரிலிருந்து அச்சாகி வருவது மட்டுமன்று என்று பிள்ளைகளுக்குப் புரிகிறது.

உங்கள் பள்ளி கடற்கரையில் இருக்கலாம், தறிகள் ஓடும் ஊரில் இருக்கலாம், நகரத்தின் நடுவில் இருக்கலாம். ஆராய வேண்டிய கேள்வி இல்லாத ஊர் கிடையாது. இந்தப் பருவத்தில் ஐந்து இணைகளோடு தொடங்கிப் பாருங்கள். அவர்கள் கொண்டுவரும் தலைப்பைக் கேட்டதும், ‘இதில் உனக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு பதிலுக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.